ஒரு பாவு, மூன்று புடவை: காஞ்சிபுரத்துக் குடும்பத் தறித்தொழிலில் பணம் எங்கே முடங்குகிறது

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் இழைத்தொகுதி, ஏறினால் பெரும்பாலும் மூன்று புடவை இறங்கும். உடலின் நிறம், கரையின் நிறம், இழை எண்ணிக்கை எல்லாம் பாவு ஓடும் அன்றே முடிவாகிவிடும். அதன்பிறகு மாற்றக்கூடியவை ஊடை (குறுக்கே ஓடும் இழை), சரிகை, முந்தி வேலைப்பாடு மட்டும்தான். அதனால் தப்பு ஒன்று நடந்தால் அது ஒரு புடவையோடு நிற்பதில்லை, மூன்றிலும் விழும். போட்ட பணமும் மூன்று புடவையும் விற்றுத் தீரும்வரை முழுதாகத் திரும்பாது. இருந்தும், தறிகளுக்குப் பாவு கொடுத்து வாங்கும் பல குடும்பங்களில் கணக்கு கடை வாரியாகவோ மாத வாரியாகவோதான் எழுதப்படுகிறது. பாவு வாரியாக எழுதும் வழக்கம் குறைவு. நன்றாக நெய்து, நன்றாக விற்றும் கையில் காசு நிற்காத குடும்பங்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 12 தறிகளுக்குப் பாவு கொடுக்கும் ஒரு நடுத்தரக் குடும்ப அமைப்பு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் வழக்கமாகக் காணப்படுவதுதான். இரண்டு தறி சொந்த வீட்டில், பத்துத் தறி கூலிக்கு நெய்பவர்களின் வீடுகளில். பெரியவர் நிறமும் சாயமும் பார்க்கிறார். வீட்டு அம்மா பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். மூத்த மகன் கடைகளுக்குப் போய் வருகிறார். இளையவரும் மருமகளும் நேரடி விற்பனையைக் கவனிக்கிறார்கள். இது தனியொரு வீட்டின் கதை அன்று. கீழே வரும் ரூபாய்த் தொகைகளும் எடைகளும் நாள் கணக்கும் விவரம் புரிவதற்காக வைத்த மாதிரி அளவுகள். ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தராசில் தொடங்கும் தகராறு

கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோத்த, சரிகையோடு 650 கிராம் நிற்கும் ஒரு கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். அதில் பட்டு 450, சரிகை 200. மூன்று புடவைக்கு 1,350 கிராம் சாயப்பட்டு வேண்டும். ஆனால் வாங்க வேண்டியது 1,350 அல்ல. கச்சாப் பட்டின் மேலிருக்கும் பசை, எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சும்போது அது கரைந்து போய்விடும். 23 சதவீதம் என்று வைத்தால் 1,850 கிராம் வாங்கினால்தான் 1,424 கிராம் மிஞ்சும். அதில் புடவைக்குப் போவது போக 74 கிராம் இருப்பு. பாவின் தலையிலும் வாலிலும் வெட்டுப்படும் இழை, ஊடைக்குத் தார் (சிறு நூல்சுருள்) சுற்றும்போது விழும் கழிவு, பிறகு இழை ஒட்டுவதற்கு எடுத்து வைக்கும் ஒரு சிறு சிட்டம் (நூல் கற்றை) எல்லாம் இந்த 74 கிராமுக்குள் அடங்க வேண்டும். அந்தச் சிறு சிட்டத்தை மறக்கக் கூடாது. புடவை விற்ற பிறகு ஒரு இழை அறுந்து வந்தால் அதே சாயத்தில் நூல் வேறெங்கும் கிடைக்காது.

பசையை அரைகுறையாக எடுத்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். பசை உள்ள இடமும் இல்லாத இடமும் சாயத்தை ஒரே மாதிரி இழுப்பதில்லை. அளவுக்கு மேல் சோடா போட்டாலோ நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ பட்டின் வலுவே போய், தறியில் அடிக்கடி அறுந்து தொல்லை கொடுக்கும். காய்ச்சிய சிட்டத்தை அலசிப் பிழிந்து விரலால் உருட்டிப் பார்த்தால் வழுவழுப்பு போயிருக்க வேண்டும், இழை இழையாகப் பிரிய வேண்டும்.

பட்டு காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் பொருள். வழக்கமான ஈரப்பதத்திலேயே தன் உலர்ந்த எடையில் 11 சதவீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும். ஐப்பசி மழையில் அது இன்னும் கூடும். மழை நாளில் நிறுத்துக் கொடுத்த பட்டு தை மாதத்தில் புடவையாகத் திரும்பும்போது எடை குறைந்தே நிற்கும். 1,424 கிராமில் 3 சதவீதம் என்றால் 43 கிராம். "நூல் எங்கே போச்சு?" என்று நெசவாளரைக் கேட்கும் கேள்வி பல வீடுகளில் இந்த 43 கிராமில்தான் பிறக்கிறது. எடுத்தவர் யாருமில்லை, ஈரம்தான் போயிருக்கிறது. கொடுக்கும் நாள், வாங்கும் நாள் இரண்டையும் எடையோடு சேர்த்து எழுதி, மழைக்காலத்துக்கு ஒரு சலுகையை முன்கூட்டியே பேசி வைத்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நல்ல நெசவாளர் ஒருவரை 43 கிராமுக்காக இழப்பது இந்தத் தொழிலில் நடக்கக்கூடிய மிகப் பெரிய நட்டங்களில் ஒன்று.

சாயம் இறங்கினால்

அரக்குக் கரை, சந்தன உடல். காஞ்சிபுரம் என்றதும் நினைவுக்கு வரும் இணைகளில் ஒன்று. இடர் நிறைந்ததும் இதுவே. அரக்குச் சாயம் சரியாகப் பிடிக்காமல் நின்றிருந்தால், முதல் முறை நனைந்ததுமே கரையிலிருந்து சிவப்பு உடலுக்குள் இறங்கும். அப்புறம் எதுவும் செய்வதற்கில்லை.

காரணம் பெரும்பாலும் சாயப்பட்டறையின் அவசரம். வெதுவெதுப்பான நீரில் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேற்றி, அமிலத்தைப் பகுதி பகுதியாகச் சேர்த்து, 85 முதல் 90 பாகைக்குள் முக்கால் மணி நேரமாவது வைத்திருந்தால்தான் சாயம் இழைக்குள் போய் உட்காரும். அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றினால் சாயம் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், திட்டும் விழும். அடர் நிறம் வேண்டுமென்று தேவைக்கு மேல் சாயம் போட்டு, கடைசியில் சோப்பு நீரில் அலசாமல் விடுவது இன்னொரு காரணம். பட்டறை கூடுதலாக அலச மறுப்பதற்குப் பின்னால் தண்ணீர்ச் செலவு இருக்கிறது. அந்தச் செலவை முதலிலேயே பேசி ஒப்புக்கொள்வது நல்லது. சாயக்காரரின் கூலியில் மிச்சம்பிடித்த சில நூறு ரூபாய் மூன்று புடவையைக் கெடுத்துவிடும்.

சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சாயச் சிட்டத்திலிருந்தும் ஒரு விரல் நீள இழைக் கற்றையை எடுத்து, வெள்ளைப் பட்டு இழையோடும் வெள்ளைப் பருத்தி இழையோடும் சேர்த்துப் பின்னி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அரை மணி நேரம் வைத்து, அலசாமல் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி இரவு முழுதும் விட வேண்டும். காலையில் வெள்ளை இழை வெள்ளையாகவே இருந்தால் பாவு ஓட்டலாம். வெளிர் உடலுக்கு அடர் கரை போகும் ஒவ்வொரு பாவுக்கும் இந்தச் சோதனை நடந்தாக வேண்டும். பாவு வாரியாகக் கணக்கு எழுதும் பாவு நோட்டில் சோதித்த இழையை அப்படியே ஒட்டி வைக்கலாம். ஆறு மாதம் கழித்துக் கடையிலிருந்து புடவை திரும்பி வந்தால், யார் பக்கம் தவறு என்பதற்கு அந்த இழையே சாட்சி.

நிறத் தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் எம்.எஸ். நீலம் என்ற ஒரு நிறம் காஞ்சிபுரத்தில் இன்றும் கேட்டு வாங்கப்படுகிறது. அப்படி நிலைக்கும் நிறம் எப்போதாவதுதான் அமையும். புதுநிறப் பாவு ஒன்று போட்டால் மூன்று புடவை நிற்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாடிக்கையாளர் ஒருவர் தனக்கென ஒரு நிறம் கேட்கும்போது மற்ற இரண்டு என்னாகும் என்பதுதான் முதல் கேள்வி. அனுபவமுள்ளவர்கள் இரண்டாவது, மூன்றாவது புடவைக்கு ஊடை நிறத்தை மாற்றிவிடுவார்கள். நீலப் பாவில் பச்சை ஊடை விழுந்தால் மயில்கழுத்து, சிவப்பு ஊடை விழுந்தால் கத்திரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரே பாவில் மூன்று நிறச்சாயல் கிடைத்துவிடும். அதற்கு ஊடைப் பட்டைத் தனித்தனியே சாயமேற்ற வேண்டும். அந்தச் செலவைத் தனி நிறம் கேட்டவரின் விலையில் சேர்ப்பதே முறை.

தெருவில் ஒரு காலை

பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்ப்பது விடியற்காலையில் நடக்கும். வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பரவுமுன் காய்ந்துவிடும், அடர் நிறமும் வெளுக்கும். அரிசிக் கஞ்சி நீர்த்திருந்தால் இழை பஞ்சடித்து அச்சில் (பாவு இழைகள் நுழைந்து வரும் சீப்பில்) அறும். கெட்டியாக இருந்தால் இழை முறுக்கென்று ஒடியும். மழைக்காலத்தில் அதே கஞ்சியில் பூஞ்சை பிடிக்கும். அடைமழை நாட்களில் தெருவில் பாவு நீட்ட முடியாது. அதனால் ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டிய பாவுகளைப் புரட்டாசியிலேயே ஓட்டி வைக்காத குடும்பத்தின் தறிகள் தை முகூர்த்தத்துக்கு முன்னால் நின்றுபோகும். 12 தறியில் 4 தறி பத்து நாள் நின்றால் 40 தறிநாள். ஒரு புடவைக்கு 15 நாள் என்றால் கிட்டத்தட்ட மூன்று புடவை, அதாவது ஒரு முழுப் பாவு, சீசன் தலைவாசலில் போய்விடுகிறது.

கோர்வையும் பிட்னியும்

காஞ்சிபுரப் பட்டின் பெயரைக் காப்பது இந்த இரண்டு வேலைகள்தான். குடும்பத்தின் லாபத்தைத் தீர்மானிப்பவையும் இவையே.

கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடையைச் சுமந்து ஓடும் கட்டை), இரு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு பக்கக் கரையை நெசவாளர் பார்த்துக்கொள்வார், மறுபக்கக் கரைக்குத் துணையாள் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். ஊடையைத் தளர்வாக விட்டால் சேருமிடத்தில் சிறு கண்ணிகள் தொங்கும், நகம் பட்டால் இழுபடும். இறுக்கினால் கரையோரம் சுருக்கம் விழுந்து புடவையை விரித்ததும் அலை அலையாக நிற்கும். கரைப்பாவும் உடல்பாவும் தனித்தனி இழுப்பில் இருப்பவை. சரிகை ஏறிய கரை ஒரு வேகத்திலும் உடல் ஒரு வேகத்திலும் சுருங்கும். கரைப்பாவின் பாரத்தை அவ்வப்போது சரிபார்க்காத தறியில் முதல் புடவை சரியாக வரும், மூன்றாவது புடவையில் கரை நீண்டு தொய்யும். ஒரே பாவில் மூன்றாவது புடவை மட்டும் கெடுவது நெசவாளரின் கைத்தவறு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாரத்தை.

பிட்னி என்பது முந்தி தொடங்குமிடத்தில் உடல்பாவு இழை ஒவ்வொன்றிலும் முந்தி நிறப் பாவு இழையைக் கோத்து மாற்றும் வேலை. சில ஆயிரம் இழை, இரண்டு பேர், ஒரு நாள் போகும். இழைகள் இரட்டையாக இருக்கும் அந்தச் சிறு பகுதியை நெய்து முடித்தபின் பழைய இழைகளை வெட்டி எடுப்பார்கள். உடலும் முந்தியும் சேருமிடத்தில் சற்றே தடித்த ஒரு கோடு நிற்கும். விரல் வைத்தால் தெரியும். பிட்னி போடாத புடவையில் முந்தியின் பாவு இழை உடல் நிறத்திலேயே இருக்கும். ஊடை மட்டும் மாறியிருப்பதால் முந்தி நிறம் கலங்கித் தெரியும். முந்தி நுனியில் தொங்கும் இழையின் நிறத்தைப் பார்த்தால் போதும், பிட்னி உண்டா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். நேரடியாக விற்கும் குடும்பம் வாங்குபவருக்கு முதலில் காட்ட வேண்டியது இந்த நுனியைத்தான்.

ஆண்டுக்கு ஆண்டு கோர்வைத் தறி குறைந்து வருவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் விசைத்தறி. அதற்கு முன்னால் வேறொரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் துணையாள் இடத்தில் உட்கார்ந்தவை பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். போயாக வேண்டியவர்கள்தான். ஆனால் அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டிவந்தபோது, கூலி இரண்டு பெரியவர்களுக்கான கூலியாக ஏறவில்லை. நெசவாளரின் மனைவி கூலியில்லாத துணையாளானார். அது முடியாதபோது தறி ஒற்றை நாடாப் புடவைக்கு மாறியது. இன்றும் கோர்வை நிலைக்கும் வீடுகளைப் பார்த்தால், துணையாளுக்குத் தனிக்கூலி பேசி, அதைத் தனிவரியாக எழுதி, அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். கோர்வையை விட்டுவிடாமல் நடத்த விரும்பும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மற்ற விளம்பரம் எல்லாம் அப்புறம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வீட்டு வாசலுக்கு வரும் வேன். இவற்றோடு போட்டியிடுவது புடவைக் கூலி மட்டுமன்று, கூலி கைக்கு வரும் ஒழுங்கும்கூட. பாவு முடிய 50 நாள் ஆகும்போது புடவை இறங்கும் அன்றே கூலி கொடுத்துவிடும் வீட்டுக்குத்தான் நல்ல நெசவாளர் நிலைத்து நெய்வார்.

சரிகை: கிராம் கணக்கு

சரிகையை மார்க் கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு மார்க் 242 கிராம். காஞ்சிபுரத்தில் 1971-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலையிலிருந்து வருவதும் உண்டு, சூரத்திலிருந்து வருவதும் உண்டு. புவிசார் குறியீட்டுப் பட்டுக்குச் சொல்லப்படும் அளவுப்படி சரிகையில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவீதம். ஒரு மார்க்கில் 97 கிராம் வெள்ளி, 1.2 கிராம் தங்கம் என்று ஆகிறது. வெள்ளி கிராமுக்கு 10 ரூபாய் ஏறினால் ஒரு மார்க் 970 ரூபாய் ஏறும். நம் பாவுக்குச் சரிகை 600 கிராம், அதாவது இரண்டரை மார்க்கை ஒட்டி. பாவுக்கு 2,400 ரூபாய், புடவைக்கு 800 ரூபாய். அதுவும் வெள்ளி மட்டும். தங்கம் கிராமுக்கு 1,000 ரூபாய் ஏறினால் புடவைக்கு இன்னொரு 1,000 ரூபாய் சேரும்.

விலை பேசிய அன்று இருந்த வெள்ளியும், இரண்டு மாதம் கழித்துப் புடவை இறங்கும் அன்று இருக்கும் வெள்ளியும் ஒன்றல்ல. 2025-இல் தங்கமும் வெள்ளியும் ஏறிய வேகத்தில், பழைய விலைக்கு ஆர்டர் ஏற்றவர்கள் நெய்து நெய்து நட்டப்பட்டார்கள். இரண்டு வழி உண்டு. ஆர்டர் உறுதியான அன்றே அந்தப் பாவுக்கான சரிகையை முழுதும் வாங்கிப் பூட்டி வைப்பது ஒன்று. சரிகை விலையைத் தனியே காட்டி, புடவை இறங்கும் நாளின் விலைக்கு வசூலிப்பதாக எழுதிக்கொள்வது மற்றொன்று. கடைகள் இரண்டாவதை ஏற்பது குறைவு. அதனால் முதலாவதற்கு வேண்டிய பணத்தை முன்பணமாகக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நகைக்கடையில் யாரும் வெள்ளியைக் கடனுக்குக் கேட்பதில்லை. சரிகையும் வெள்ளிதான் என்று பேசத் தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு மார்க்கும் வரும்போதே சோதித்துவிட வேண்டும். இழையைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிய வேண்டும் என்பது பழைய வழி. அது போதாது, சிவப்புச் சாயம் ஏறிய பாலியெஸ்டர் இழையும் இருக்கிறது. உள்ளிழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாடையும் பொடிந்துபோகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருண்டு கெட்டியானால் பாலியெஸ்டர். உலோகத்தின் அளவு அறியக் கதிர்வீச்சுச் சோதனைக் கருவிதான் சரி. சோதனைச் சீட்டின் நகலைப் பாவு நோட்டோடு சேர்த்துவிட்டால், சில்க் மார்க் சீட்டு பட்டுக்கு மட்டும்தானே, சரிகைக்கு என்ன உறுதி என்று வாங்குபவர் கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.

இருப்பில் நிற்கும் சரிகைப் புடவையை மடிப்பு மாற்றாமல் ஆறு மாதம் அடுக்கினால் மடிப்புக் கோட்டில் சரிகை ஒடியும். அந்துருண்டை நேரே பட்டால் கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுவது வீட்டில் ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்ட வேலையாக இருக்க வேண்டும்.

12 தறி, 34 பாவுப் பணம்

ஒரு பாவுக்குப் பட்டு, சாயம், சரிகை, கூலி எல்லாம் சேர்ந்து 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பட்டு வாங்கியதிலிருந்து பாவு தறி ஏற 12 நாள். மூன்று புடவை நெய்து இறங்க 50 நாள். சரிபார்த்து, மடித்து, கடைக்கு அனுப்ப 3 நாள். கடை பணம் தர 75 நாள். மொத்தம் 140 நாள்.

தறி 50 நாளுக்கு ஒருமுறை அடுத்த பாவைக் கேட்கும், ஆனால் முந்தின பாவின் பணம் 140 நாள் கழித்துத்தான் வரும். ஆகவே ஒரு தறியை நிற்காமல் ஓட்ட 2.8 பாவுக்கான பணம் வேண்டும். 12 தறிக்கு 33.6 பாவு, சுமார் 34 லட்சம் ரூபாய். கூலி பின்னால் போவதால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவது தறியில் ஏறிய 12 பாவு. மீதி 22 பாவு கடைகளின் அலமாரியிலும் சாயப்பட்டறையிலும் இருக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஒரு பாவுக்கு 140 நாள் வட்டி 4,600 ரூபாய், புடவைக்கு 1,530. கடை 75 நாளை 150 நாளாக இழுத்தால் புடவைக்கு 2,350 ரூபாய் ஆகும். இந்த வட்டியை விலையில் சேர்க்காதவர்கள் லாபம் என்று நினைப்பதில் பெரும்பகுதி வட்டியாகவே போய்விடுகிறது.

மூன்று புடவையில் ஒன்றை மட்டும் நேரடியாக விற்று ஐந்து நாளில் பணம் வாங்கினால் என்ன ஆகும்? சராசரிக் காத்திருப்பு 75 நாளிலிருந்து 52 நாளாக இறங்கும். மொத்தச் சுற்று 117 நாள். 12 தறிக்கு வேண்டிய பணம் 34 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறையும். நேரடி விற்பனையில் கூடுதல் விலை கிடைக்கிறதா என்பதைவிட இந்த 6 லட்சம் விடுபடுவதே பெரிது. அதற்காக மூன்றையும் நேரடியாக விற்கப் போவது நல்லதன்று. கைபேசிப் படத்தில் அரக்கும் மரூனும் ஒன்றாகத் தெரியும், புடவை திரும்பி வரும், மடிப்புக் கலைந்த புடவையைக் கடை வாங்காது. பகல் வெளிச்சத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் கோர்வை சேருமிடமும் பிட்னிக் கோடும் தெரிய ஒரு சிறு காணொளி அனுப்பி, நிறத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே புடவையை அனுப்பும் வீடுகளில் திரும்பி வருவது குறைவு.

கடைகளிடம் பேச ஒரு சட்டப் பிடியும் இருக்கிறது. உற்பத்தியாளராக உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் வாங்கியவர் அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். இந்த வரி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. பதிவில் வணிகர் என்று போட்டுவிட்டால் இந்தப் பிடி கிடைக்காது. தறிக்குப் பாவு கொடுத்து நெய்விக்கும் குடும்பம் தன்னை உற்பத்தியாளர் என்றே பதிய வேண்டும். பட்டியல் சீட்டில் பதிவு எண்ணை அச்சிட வேண்டும். பங்குனி மாதத்தில், அதாவது நிதியாண்டு முடியுமுன், கடைகளுக்கு நிலுவைப் பட்டியலை அனுப்ப வேண்டும்.

முன்பணம்

நெசவாளருக்குக் கொடுக்கும் முன்பணம் இந்த ஊரின் பழைய வழக்கம். கல்யாணம், மருத்துவம், வீட்டுக்கூரை என்று வாங்குவார்கள், புடவைக்குப் புடவை கழிப்பார்கள். கூலியில் பாதியைக் கழிக்கும் வீட்டில் நெசவாளர் அடுத்த மாதமே இன்னொரு முன்பணம் கேட்டாக வேண்டியிருக்கும். கடன் குறையாது, மனம் குறையும். கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காமல், நோட்டு நெசவாளரிடம் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வைத்து, இரண்டிலும் ஒரே நாளில் எழுதும் முறைதான் நியாயம். குறைபாட்டுக்கான பிடித்தமும் அப்படித்தான். சாயக்கறை, வடிவ அட்டை நமத்துப்போய், வேலைப்பாட்டுக்கு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு கருவியில் கொக்கி தவறி விழுந்த கோடு, சரிகையின் பூச்சு உதிர்தல் ஆகியவை பொருள் கொடுத்த குடும்பத்தின் பொறுப்பு. விட்டுப்போன ஊடை, தறி எண்ணெய்க் கறை, கோர்வைத் தொங்கல் ஆகியவை நெசவின் பொறுப்பு. இந்தப் பட்டியலை முன்கூட்டியே பேசி எழுதி வைக்காத வீட்டில், எல்லாக் குறையும் கடைசியில் கூலியில்தான் விழுகிறது.

வீட்டுக்குள்

குடும்பத் தொழிலில் கணக்கில் வராமல் போகும் முதல் பொருள் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த புடவை. அத்தை மகள் கல்யாணத்துக்கு நான்கு, சம்பந்திக்கு இரண்டு. எல்லாம் நியாயமான செலவுதான். ஆனால் ஆறு புடவை என்றால் இரண்டு பாவு, இரண்டு லட்சம் ரூபாய். எடுத்தவர் பெயரில், அடக்க விலைக்கு, அன்றே எழுதினால் போதும். யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எழுதாமல் விட்டால் பத்தாண்டு கழித்துப் பாகப் பிரிவினையில் அந்த ஆறு புடவை அறுபதாக வளர்ந்து நிற்கும்.

உழைப்பவர்களுக்கு மாதச் சம்பளம் வைப்பது அடுத்தது. நிறுத்துக் கொடுக்கும் அம்மாவுக்கும், படம் எடுத்துப் பதில் சொல்லும் மருமகளுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் வேலைக்கு விலை வைக்காத கணக்கு பொய்க் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி இன்னும் நான்கு தறி சேர்க்கலாம் என்று முடிவெடுத்தால் ஆள் போதாமல் திணற வேண்டிவரும்.

பிரிவினை வரும்போது தறிகளை எண்ணிப் பிரிப்பார்கள். தறிமரத்தின் விலை அற்பம். மதிப்புள்ளவை வேறு: வடிவ அட்டைகள், எந்தச் சாயம் எந்த அளவில் போட்டது என்ற குறிப்பு, கடை நிலுவை, கடைப் பெயர். நிலுவையை எழுதியுள்ள தொகைக்கே பாதிப் பாதி பிரிப்பது பெரிய தவறு. மூன்று ஆண்டு பழைய நிலுவை ஒருவர் பங்கிலும் மூன்று மாத நிலுவை மற்றவர் பங்கிலும் விழுந்தால் அண்ணன் தம்பி உறவு அதோடு முடிந்தது. வசூலாக வசூலாகப் பிரித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ருத்ராட்சம், மயில்கண், வைர ஊசி, தாழம்பூ ரேக்கு போன்ற பொது வடிவ அட்டைகளுக்குப் படி எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளலாம். கடைப் பெயரை வணிகக் குறியாகப் பதியும்போதே தனிநபர் பெயரில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரில் பதிந்து, பிரிந்தால் யார் எந்தப் பெயரில் தொடர்வது என்பதைக் கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். காஞ்சிபுரம் பட்டு என்ற புவிசார் குறியீடு 2005 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். பிரிந்த இரண்டு வீடும் தனித்தனியே பதிவது அவசியம். அப்பா பெயரில் இருந்த பதிவு இருவருக்கும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

பாவு நோட்டில் ஒரு பாவுக்கு ஒரு பக்கம் போதும். மேலே பாவு எண், தேதி, ஒட்டிய சாய இழை. நடுவில் பட்டு கொடுத்தது, சரிகை கொடுத்தது, மார்க்கின் விலை, நெசவாளர், துணையாள், ஏறிய நாள், ஒவ்வொரு புடவையும் இறங்கிய நாளும் எடையும். கீழே மூன்று வரி, மூன்று புடவைக்கு: யாருக்குப் போனது, என்ன விலை, பணம் வந்த நாள். மூன்றாவது வரியில் அந்தக் கடைசித் தேதி விழும்வரை அந்தப் பக்கத்தை மூடக் கூடாது. மூடாத பக்கங்களை மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 12 தறிக்கு அது 34-ஐத் தாண்டினால் பதின்மூன்றாவது தறிக்குப் பாவு கொடுக்கும் பேச்சை அன்றைக்கு நிறுத்தி வைத்துவிட்டு, மூத்த மகன் கடைகளுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.